ரேடார் திரை வேண்டாம், ஸ்ட்ரிப் போதும்: ஏடிசி சிமுலேட்டரில் ஸ்க்ரீன் ரீடரோடு உட்காருவது எப்படி

விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டு (ஏடிசி) சிமுலேட்டரைத் திறந்தேன். திரையில் இருப்பதைப் படித்துச் சொல்லும் என் ஸ்க்ரீன் ரீடர், என்விடிஏ, ‘கிராஃபிக்’ என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு வாயை மூடிக்கொண்டது. உள்ளே ஏழெட்டு விமானம் பறக்கிறது, ஒன்று ஓடுபாதைக்கு இறங்குகிறது, இரண்டு எதிரும் புதிருமாக வருகின்றன. பார்வை உள்ளவர்களுக்கு இவ்வளவும் தெரியும். எனக்கு எல்லாம் சேர்ந்து ஒரே ஒரு கிராஃபிக்.

வடசென்னைத் தண்டையார்பேட்டை வீட்டில் அந்த ஒற்றை வார்த்தையோடு மல்லுக்கட்டிக் கற்றுக்கொண்டதை இங்கே வரிசையாக எழுதுகிறேன். பார்வையற்றவர்கள், குறைபார்வை உள்ளவர்கள், அவர்களுக்காக மென்பொருள் எழுத நினைக்கும் பிள்ளைகள் என மூன்று பேருக்கும் இதில் வேலை இருக்கிறது.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நிஜமான கட்டுப்பாட்டாளர் வேலைக்குச் சர்வதேச விதிப்படி மூன்றாம் வகுப்பு மருத்துவச் சான்று வேண்டும், அதில் கண் பரிசோதனை உண்டு. அதனால் இது வேலைக்கான பயிற்சி இல்லை, பொழுதுபோக்கு. சதுரங்கம் ஆடுகிறவர்களைப் போய், எந்த ராஜாவுக்குப் படை நடத்தப் போகிறாய் என்று யாரும் கேட்பதில்லை.

தொடங்குமுன்: எதைக் கேட்க வேண்டும்

நம்மில் பலர் செய்யும் தவறு, ரேடார் படத்தை அப்படியே வாயால் விவரிக்கச் சொல்லிக் கேட்பது. அது நடக்காது, நடந்தாலும் பயன்படாது. பத்துப் புள்ளிகளை விவரித்து முடிப்பதற்குள் பத்தும் இடம் மாறியிருக்கும்.

ரேடார் வருவதற்கு முன்பே இந்தத் தொழில் இருந்தது. லண்டன் பக்கத்துக் கிராய்டனில் 1920-லேயே கட்டுப்பாட்டுக் கோபுரம் வந்துவிட்டது. 1929-இல் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸில் ஆர்ச்சி லீக் என்பவர் இரண்டு கொடிகளை வைத்துக்கொண்டு விமானங்களுக்கு வழிகாட்டினார். பின்னால் வானொலி வந்தது. விமானி தன் இடம், நேரம், உயரம் மூன்றையும் சொல்ல, கட்டுப்பாட்டாளர் அதை நீளமான காகிதத் துண்டில் குறித்துக்கொண்டு இடைவெளி கணக்குப் போட்டார். அந்தத் துண்டுக்குப் பெயர் ஸ்ட்ரிப். இன்றைக்கும் காசிமேட்டுக் கடலைத் தாண்டி வெகுதூரம் போய்விட்டால் ரேடார் எட்டாது. அங்கே விமானம் அனுப்பும் தகவலை வைத்துத்தான் கணக்கு.

ஸ்ட்ரிப் என்பது எழுத்தும் எண்ணும் நிறைந்த ஒரு வரி. ஸ்க்ரீன் ரீடருக்கு அதைவிடச் சுலபமான தீனி கிடையாது. இந்த வழிகாட்டி முழுவதும் அந்த ஒரு பிடியில்தான் நிற்கிறது.

முதல் படி: ஸ்க்ரீன் ரீடரை ஏடிசி பேச வைப்பது

என்விடிஏ இலவசம். 2006-இல் ஆஸ்திரேலியாவில் தொடங்கியது, மூலநிரல் பொதுவில் இருக்கிறது. ஜாஸ் என்ற இன்னொரு ஸ்க்ரீன் ரீடர் வைத்திருப்பவர்கள் அதிலேயே செய்யலாம். நான் என்விடிஏ விசைகளை வைத்தே எழுதுகிறேன்.

குரல்: சிமுலேட்டருக்கு மட்டும் ஆங்கிலக் குரல் வையுங்கள். ஈஸ்பீக்கில் தமிழ் உண்டு, செய்தித்தாளுக்கு நல்லது. ஆனால் விமானத்தை வானொலியில் கூப்பிடும் பெயர்களான அழைப்புக் குறிகளைத் தமிழ்க் குரலில் கேட்டால் எந்த விமானம் என்று பிடிபடாது. உலாவியில் ஓடும் சிமுலேட்டர் என்றால் அதற்கென்று தனி உலாவி ஒதுக்குங்கள். வழக்கமாகக் குரோம் என்றால் இதற்கு ஃபயர்ஃபாக்ஸ். என்விடிஏ மெனுவில் ‘கான்ஃபிகரேஷன் புரொஃபைல்ஸ்’ போய் அந்த உலாவிக்கு மட்டும் ஒரு புரொஃபைல் உண்டாக்கினால் குரலும் வேகமும் தானாக மாறிக்கொள்ளும்.

எண்கள்: இதில்தான் நான் ஒரு வாரம் தொலைத்தேன். ஏடிசியில் எண்ணைப் பெரும்பாலும் இலக்கம் இலக்கமாகச் சொல்வார்கள். 270 என்றால் ‘டூ செவன் ஜீரோ’. என்விடிஏ ‘டூ ஹண்ட்ரட் செவன்ட்டி’ என்கிறது. காதில் ஒன்று, வாயில் ஒன்று என்றால் மூளை திணறும். மருந்து இது: என்விடிஏ மெனு, பிரிஃபரன்சஸ், ஸ்பீச் டிக்ஷனரிஸ், அதில் டெம்பரரி டிக்ஷனரி. ‘ஆட்’ அழுத்தி, வகை ‘ரெகுலர் எக்ஸ்பிரஷன்’ என்று தேர்ந்து, பேட்டர்ன் கட்டத்தில்

([0-9])(?=[0-9])

என்றும், ரீப்ளேஸ்மென்ட் கட்டத்தில் \1 என்று எழுதி ஒரு இடைவெளியும் விடுங்கள். இனி எல்லா எண்ணும் உதிரி உதிரியாக வரும். ஏன் டெம்பரரி என்றால், என்விடிஏயை மூடித் திறந்ததும் அது போய்விடும். நான் நிரந்தர அகராதியில் போட்டுவைத்துவிட்டு, மறுநாள் வங்கி மீதத்தை ஒவ்வோர் இலக்கமாகக் கேட்டுக்கொண்டிருந்தேன். பெரிய தொகை இல்லை என்பதால் சீக்கிரம் முடிந்தது.

மூன்று விசைகளைக் கைப்பழக்கமாக்குங்கள். இன்செர்ட்டோடு 5, தானாக மாறும் எழுத்தைப் படிக்கலாமா வேண்டாமா என்பதற்கு. இன்செர்ட்டோடு ஸ்பேஸ், பக்கத்தைப் படிக்கும் பிரவுஸ் மோடுக்கும் தட்டச்சு செய்யும் ஃபோகஸ் மோடுக்கும் மாற. இன்செர்ட்டோடு 2, தட்டும் எழுத்தைச் சொல்வதை நிறுத்த. இரண்டாவதை மறந்தால், கட்டளை தட்டுவதாக நினைத்து ஹெச் அழுத்துவீர்கள், அது அடுத்த தலைப்புக்குத் தாவும். டி (T) அழுத்தினால் அட்டவணைக்குத் தாவும். விமானம் பாட்டுக்குப் போய்க்கொண்டிருக்கும்.

இரண்டாம் படி: இரண்டு காது, இரண்டு வேலை

விமானியின் குரலும் ஸ்க்ரீன் ரீடரும் ஒரே ஹெட்ஃபோனில் வந்தால் சண்டைதான். ரிச்சி தெருவில் சின்ன யூஎஸ்பி சவுண்டு கார்டு கிடைக்கும். ஒன்று வாங்குங்கள். என்விடிஏ அமைப்புகளில் அவுட்புட் டிவைஸ் என்பதை அதற்கு மாற்றிவிட்டு, ஒரு காதில் மட்டும் இயர்போன் மாட்டுங்கள். சிமுலேட்டர் ஒலி கணினியின் ஸ்பீக்கரிலேயே வரட்டும்.

கூடவே இன்செர்ட், ஷிஃப்ட், டி (D) அழுத்தி ஆடியோ டக்கிங்கை அணையுங்கள். அது இயங்கினால் என்விடிஏ பேசும்போதெல்லாம் மற்ற ஒலி தணிந்துவிடும். விமானி சொன்ன உயரம் அந்த நேரம் பார்த்துத்தான் காணாமல் போகும்.

எங்கள் பக்கம் இன்னொரு தொல்லை, துறைமுகத்துக்கு வரிசை கட்டும் கன்டெய்னர் லாரிகளின் ஹாரன். ஒருமுறை ‘ஃபைவ் தௌசண்ட்’ என்று கேட்க வேண்டியதை அந்த ஹாரன் விழுங்கி, நான் ‘நைன்’ என்று எடுத்துக்கொண்டேன். வானொலியில் ஒன்பதை ‘நைனர்’ என்றும், ஐந்தை ‘ஃபைஃப்’ என்றும் சொல்ல வைத்திருப்பது இதற்காகத்தான் என்று அன்றைக்கு உறைத்தது. நீங்களும் அப்படியே சொல்லிப் பழகுங்கள்.

மூன்றாம் படி: வாங்குமுன் சோதிப்பது

ஒரு சிமுலேட்டர் நமக்குத் தேறுமா என்று பார்க்கப் பத்து நிமிடம் போதும்.

மவுஸை ஒதுக்கிவையுங்கள். டேப் விசையிலேயே எல்லாப் பொத்தானுக்கும் போக முடிகிறதா? போனால் அதன் பெயர் கேட்கிறதா, வெறும் ‘பட்டன்’ என்கிறதா? கட்டளையைத் தட்டச்சு செய்ய ஒரு கட்டம் உண்டா, இல்லை விமானத்தைப் பிடித்து இழுக்கத்தான் வேண்டுமா? இழுத்துக் கோடு போடுவது மட்டும்தான் வழி என்றால் அங்கேயே மூடிவிடுங்கள், நேரம் மிச்சம். கடைசியாக, விமானி பதில் சொல்லும்போது அது எழுத்தாகவும் வருகிறதா?

ரேடார் பகுதி பெரும்பாலும் கேன்வாஸ். அதாவது உலாவி அங்கே வண்ணப் புள்ளிகளைப் பூசுகிறது, அவ்வளவுதான். ஸ்க்ரீன் ரீடர் படிப்பது அந்தப் பூச்சை இல்லை, பின்னால் இருக்கும் பொருட்களின் பட்டியலை. கேன்வாஸுக்குப் பின்னால் பட்டியல் கிடையாது. இன்செர்ட்டோடு ஆர் அழுத்தி எழுத்தறிதல் முயன்றால் சில எண்கள் கிடைக்கும், ஆனால் அது ஒரு நொடியின் நிழற்படம். நிஜ விமான நிலைய ரேடாரே நான்கைந்து நொடிக்கு ஒருமுறை சுற்றிப் புதுப்பிக்கிறது. பழைய படத்தை நம்பி உத்தரவு போட முடியாது.

நான்காம் படி: எழுத்திலேயே ஓடும் பழைய ஆட்டம்

நேராகப் பெரியதில் குதிக்காமல் ‘ஏடிசி’ என்றே பெயர் கொண்ட பழைய யூனிக்ஸ் ஆட்டத்தில் தொடங்குங்கள். லினக்ஸில் ‘பிஎஸ்டிகேம்ஸ்’ தொகுப்பில் இருக்கிறது. விண்டோஸ் 10, 11 என்றால், விண்டோஸுக்குள்ளேயே லினக்ஸை ஓட்டும் டபிள்யூஎஸ்எல் வழியாக நிறுவலாம்.

இதில் விமானம் ஒரு எழுத்து, உயரம் ஒரு இலக்கம். 7 என்றால் 7000 அடி. வெளியிலிருந்து வருபவை 7000 அடியில் நுழையும், வெளியே போகிறவை 9000 அடியில் போக வேண்டும். பெரிய எழுத்து என்றால் காற்றாடி (புரொப்பெல்லர்) விமானம், சின்ன எழுத்து என்றால் ஜெட். ஜெட் இரண்டு கட்டம் நகர்ந்தால் காற்றாடி ஒரு கட்டம்தான் நகரும். அதனால் என்விடிஏ பேச்சு அமைப்பில் பெரிய எழுத்துக்கு முன் ‘கேப்’ என்று சொல்லும் வசதியைப் போட்டுவையுங்கள்.

வலது பக்கத்தில் ஒவ்வொரு விமானத்துக்கும் ஒரு வரி வரும்: எழுத்து, உயரம், போக வேண்டிய இடம், கொடுத்த உத்தரவு. எரிபொருள் குறைந்தால் ஒரு நட்சத்திரக் குறி. பார்த்தீர்களா, ஸ்ட்ரிப்! நம்பேட் 7, 8, 9 விசைகளால் வரி வரியாகப் படித்துவிடலாம். குறை என்னவென்றால், விமானம் எந்தக் கட்டத்தில் நிற்கிறது என்பது அந்த வரியில் இல்லை. கட்டத்துக்குள் எழுத்து எழுத்தாகத் தேட வேண்டும். இரண்டு விமானம் வரை சமாளிக்கலாம். நான்கு வந்தால் வியர்க்கும். ஆனால் உயரத்தை வைத்தே விலக்கும் பழக்கம் இங்கேதான் வரும். இடம் தெரியாத இரண்டு விமானங்களை 2000 அடி வித்தியாசத்தில் வைத்துவிட்டால் மோத முடியாது. 1000 அடி போதாது, இந்த ஆட்டத்தில் பக்கத்துப் பக்கத்து உயரமும் மோதல் கணக்குதான்.

ஐந்தாம் படி: ஓப்பன்ஸ்கோப்பும் ஒரு மறைவான அட்டவணையும்

ஓப்பன்ஸ்கோப் உலாவியில் ஓடும் இலவச சிமுலேட்டர். மூலநிரல் பொது. கட்டளைகளைத் தட்டச்சு செய்யலாம்: அழைப்புக் குறி, சுருக்கக் கட்டளை, எண், என்டர். அந்த வகையில் நமக்குப் பாதி வழி திறந்தே இருக்கிறது. மீதிப் பாதியை அடைப்பது கேன்வாஸ் ரேடார்.

எதிர்வீட்டுத் தம்பி கல்லூரியில் கம்ப்யூட்டர் படிக்கிறான். நிரலை இறக்கி எங்கள் கணினியில் ஓடவிட்டு, அவனும் நானும் சேர்ந்து ஒரு அட்டவணை வைத்தோம். நிரல் எழுதுகிறவர்கள் இந்தப் பகுதியை நின்று படியுங்கள். நாங்கள் பட்ட அடி எல்லாம் இங்கே இருக்கிறது.

ஒரு விமானத்துக்கு ஒரு வரிசை. முதலில் அழைப்புக் குறி, அடுத்து நிலையத்திலிருந்து எந்தத் திசையில் எத்தனை நாட்டிகல் மைல் (கடல் மைல், இனி வெறும் மைல்), பிறகு இப்போதைய உயரம், கொடுத்த உயரம், போகும் திசை, வேகம். எக்ஸ், ஒய் ஆயத்தொலை வேண்டாம், அதைக் காதால் கேட்டு யாரும் மனத்தில் வரைய முடியாது. நிஜமான டேபிளாக எழுதினால் கன்ட்ரோல், ஆல்ட், அம்பு விசைகளால் கட்டம் கட்டமாக நகரலாம். உயரம் என்ற பத்தியில் மட்டும் கீழே இறங்கிக்கொண்டே போனால் எல்லா விமானத்தின் உயரமும் ஐந்து நொடியில் காதில் விழுந்துவிடும். கண்ணுள்ளவர்கள் ஓட்டும் பார்வைக்கு இதுதான் ஈடு.

தம்பி முதலில் நொடிக்கு ஒருமுறை அட்டவணையை அழித்துப் புதிதாக எழுதினான். நான் மூன்றாம் வரிசையில் இருப்பேன், திடீரென்று பக்கத்தின் உச்சிக்குத் தூக்கி எறியப்படுவேன். வரிசையை அப்படியே விட்டுவிட்டு உள்ளே இருக்கும் எழுத்தை மட்டும் மாற்ற வேண்டும். அதேபோல, தூரத்தை வைத்துத் தானாக வரிசை மாற்றாதீர்கள். காலுக்கடியில் படிக்கட்டு நகர்கிற மாதிரி இருக்கும். வரிசை மாற்ற ஒரு விசை கொடுங்கள், நாங்கள் கேட்கும்போது மாறட்டும்.

அடுத்தது, எதைத் தானாகப் பேச வைப்பது. ஏரியா லைவ் (aria-live) என்ற ஹெச்டிஎம்எல் பண்பில் பேச வைக்க இரண்டு நிலை உண்டு. ‘பொலைட்’ என்றால் பேசிக்கொண்டிருப்பது முடிந்தபின் சொல்லும், ‘அசர்ட்டிவ்’ என்றால் குறுக்கே விழும். விமானி உத்தரவைத் திரும்பச் சொல்லும் ரீட்பேக்கைப் பொலைட்டில் வையுங்கள். அசர்ட்டிவ் ஒன்றே ஒன்றுக்குத்தான்: இரண்டு விமானம் நெருங்குகிறது என்ற எச்சரிக்கை. மற்ற எல்லாமே கேட்டால் மட்டும் வர வேண்டும். விம்கோ நகரிலிருந்து விமான நிலையம் போகும் மெட்ரோவின் நீல வழித்தடத்தில் ஏறிப் பாருங்கள். அடுத்த நிலையம் எது, கதவு எந்தப் பக்கம் திறக்கும், அவ்வளவுதான் சொல்வார்கள். வழியில் கடந்த கட்டடத்தையெல்லாம் சொன்னால் இறங்க வேண்டிய இடத்தை விட்டுவிடுவோம்.

எச்சரிக்கையின் முதல் சொல் அழைப்புக் குறியாக இருக்கட்டும். ‘எச்சரிக்கை, இரண்டு விமானங்களுக்கு இடையே உள்ள தூரம்’ என்று இழுத்தால் பெயர் வருவதற்குள் கதை முடிந்துவிடும். எச்சரிக்கை வந்ததும் ஃபோகஸை அங்கே இழுத்துப்போகவும் கூடாது. என் விரல் கட்டளைக் கட்டத்தில் இருக்கிறது. பாதி தட்டிய உத்தரவு எங்கே போகும்? ‘கடைசியாகச் சொன்னதைத் திரும்பச் சொல்’ என்று ஒரு விசை, ஆட்டத்தை நிறுத்தி வைக்க ஒரு விசை, இரண்டும் கட்டாயம்.

விமானம் இருக்கும் இடத்தை ஒலியாலேயே காட்டும் வகைகள், அதாவது மேற்கே இருப்பது இடக்காதில், உயரமானது கீச்சுக் குரலில் என்பதெல்லாம் செய்து பார்த்தோம். மூன்று விமானம் வரை அழகு. ஆறு வந்தால் கோயம்பேடு. நெருக்கடியான ஒரு ஜோடிக்கு மட்டும் அதை வைத்துக்கொண்டோம்.

உலாவியில் ஓடாமல் தனி மென்பொருளாக எழுதுகிறவர்கள், என்விடிஏயோடு நேரடியாகப் பேசும் ‘கன்ட்ரோலர் கிளையன்ட்’ நூலகத்தைப் பயன்படுத்தலாம். ஜாஸையும் சேர்த்து வேண்டும் என்றால் ‘டோல்க்’.

ஆறாம் படி: கேரம் போர்டு

அட்டவணை எண்ணைத் தரும், இடத்தைத் தராது. இடத்துக்கு விரல் வேண்டும். வடசென்னையில் தெருவுக்கு ஒரு கேரம் போர்டு கிடக்கும்போது இதற்கு வேறு எங்கும் போக வேண்டாம்.

ஆடும் பரப்பு 74 செ.மீ. சதுரம். நடுவை மீனம்பாக்கம் என்று வைத்து, ஒரு செ.மீ.க்கு ஒரு நாட்டிகல் மைல் என்று கொள்ளுங்கள். நடுவிலிருந்து நான்கு பக்கமும் 37 மைல் கிடைக்கும். உங்களை ஒட்டிய விளிம்பு தெற்கு, வலது விளிம்பு கிழக்கு, அதாவது கடல். நடுவில் கிழக்கு மேற்காக, கிழக்கு முனை லேசாக வடக்கே ஏறும்படி ஒரு தடித்த நூலை ஒட்டினால் அதுதான் 07/25 ஓடுபாதை. நூல் நிஜ நீளத்தைவிட நீளமாக இருந்தால் பரவாயில்லை, 3658 மீட்டர் ஓடுபாதை இந்த அளவில் இரண்டு செ.மீ.தான் வரும். நடு வட்டத்தின் மேலும் நூல் ஒட்டுங்கள். எங்கள் தண்டையார்பேட்டை வடகிழக்கே சுமார் 10 மைல், அந்த வட்டத்துக்குச் சற்று வெளியே விழுகிறது. என் வீடு எங்கே இருக்கிறது என்று ஒரு வரைபடத்தை விரலால் தொட்டுப் பார்த்தது அன்றுதான்.

திசைக்குச் சட்டத்தில் கடிகாரம் போல 12 இடத்தில் பசைச் சொட்டு வையுங்கள். டிகிரியை 30-ஆல் வகுத்தால் மணி. 090 என்றால் மூன்று மணி, 270 என்றால் ஒன்பது. தையல் டேப் ஒன்றை நடுவில் குண்டூசியால் குத்தி, அஞ்சு செ.மீ.க்கு ஒரு ஸ்டேப்ளர் பின் அடித்துவிட்டால் தூரமும் விரலுக்குத் தெரியும்.

இனி காய். ஒரு காய் ஆயிரம் அடி. 4000 அடியில் பறக்கும் விமானம் நான்கு காய் அடுக்கு. பவுடர் போடாத போர்டாக இருக்கட்டும், அடிக்காயின் கீழே கொஞ்சம் ஒட்டும் களிமண் வையுங்கள். முதல் நாள் தம்பி வந்து பார்த்துவிட்டுக் கேட்டான்:

“இன்னாண்ணே, காய்ங்கள மேல மேல அடுக்கினு கீற?”

“ஒரு காய் ஆயிரம் அடிடா.”

“அப்போ ரெண்டு அடுக்கும் இட்ச்சிச்சின்னா?”

கேரம் காயின் விட்டம் மூன்று செ.மீ.க்குக் கொஞ்சம் கூட. இரண்டு காய் ஒட்டி நின்றால் நடுவுக்கு நடு அதே மூன்று செ.மீ., அதாவது மூன்று மைல். விமான நிலையத்தைச் சுற்றிய ரேடார் பகுதியில் இரண்டு விமானங்களுக்கு இடையே வழக்கமாகக் கேட்கும் குறைந்தபட்ச இடைவெளியும் மூன்று மைல்தான், இல்லையென்றால் உயரத்தில் 1000 அடி வித்தியாசம். ஆகவே இரண்டு அடுக்கு தொடும்போது விரல் உச்சியைத் தடவிப் பாருங்கள். ஒரு காய் வித்தியாசம் இருந்தால் விதி மீறவில்லை. சமமாக இருந்தால் எல்லையில் நிற்கிறீர்கள், உடனே ஒன்றைத் திருப்புங்கள் அல்லது ஏற்றுங்கள். யாரும் திட்டமிடாமல் அமைந்த இந்தப் பொருத்தத்தைக் கண்டுபிடித்த அன்று நானும் தம்பியும் இரவு ஒரு மணி வரை ஆடினோம்.

பெரிய, அகல உடல் விமானத்துக்கு அடியில் காய்க்குப் பதில் ஸ்ட்ரைக்கர் வையுங்கள், விரலுக்கு உடனே தெரியும். அதன் பின்னால் கிளம்பும் காற்றுச் சுழல் காரணமாக, பின்தொடரும் நடுத்தர விமானத்துக்கு ஐந்து மைல் வேண்டும்.

ஒரு செட்டில் 19 காய்தான். இரண்டு செட் இருந்தால் நான்கைந்து விமானம் நடத்தலாம். எல்லாவற்றையும் நொடிக்கு நொடி நகர்த்த வேண்டியதில்லை. ஆட்டத்தை நிறுத்திவைத்து நிமிடத்துக்கு ஒருமுறை போர்டைச் சரிசெய்தால் போதும். இரண்டு மாதத்தில் எனக்குப் போர்டு இல்லாமலே அட்டவணையைக் கேட்டதும் அடுக்குகள் மனத்தில் எழும்பத் தொடங்கின. சிக்கல் வரும்போது மட்டும் இப்போது காயை எடுக்கிறேன்.

ஏழாம் படி: மனிதர்களோடு ஆடுவது

வாட்சிம் என்ற இலவச வலையமைப்பு 2001 முதல் இருக்கிறது. அங்கே விமானியும் நிஜ ஆள், கட்டுப்பாட்டாளரும் நிஜ ஆள். கட்டுப்பாட்டாளராக உட்காரப் பயிற்சியும் தேர்வும் உண்டு. அவசரப்படாமல் முதலில் பார்வையாளராக இணைந்து கேளுங்கள். என் காது அங்கேதான் பழகியது. இண்டிகோ விமானத்தை வானொலியில் ‘ஐஃப்ளை’ என்று கூப்பிடுவார்கள் என்பது போன்ற சங்கதிகள் புத்தகத்தைவிட இங்கே சீக்கிரம் ஒட்டும்.

எட்டாம் படி: செய்தவர்களுக்கு எழுதுவது

‘உங்கள் மென்பொருள் பார்வையற்றோருக்கு உதவவில்லை’ என்று ஒரு வரி எழுதினால் ‘கவனிக்கிறோம்’ என்று ஒரு வரி வரும். ஒரு சிமுலேட்டர் நிறுவனத்துக்கு அப்படி எழுதி, அந்த ஒரு வரிக்கு மேல் இன்றுவரை எதுவும் வரவில்லை. பாதித் தவறு என்னுடையது. இப்போது இப்படி எழுதுகிறேன், நீங்கள் ஆங்கிலத்தில் மாற்றிக்கொள்ளுங்கள் (கடைசியில் வரும் டபிள்யூசிஏஜி, இணையப் பக்கங்களை மாற்றுத்திறனாளிகளும் பயன்படுத்தும்படி அமைப்பதற்கான விதித்தொகுப்பு):

“விண்டோஸ் 11, என்விடிஏ, ஃபயர்ஃபாக்ஸ். கட்டளைக் கட்டத்தில் உத்தரவு தட்டி என்டர் அழுத்தினேன். விமானியின் பதில் திரையில் வந்ததாகப் பார்வையுள்ள நண்பர் சொன்னார். எனக்கு எதுவும் கேட்கவில்லை. பதில் வரும் பெட்டிக்கு ‘லாக்’ என்ற ரோல் கொடுத்தால் தானாகப் படிக்கப்படும். டபிள்யூசிஏஜி 2.1, விதி 4.1.3.”

ஒரு கடிதத்தில் ஒரே குறை. என்ன செய்தேன், என்ன கேட்டது, என்ன கேட்டிருக்க வேண்டும், எந்த விதி. அதிகம் உதவும் விதி எண்கள்: படத்துக்கு மாற்று எழுத்து 1.1.1, விசைப்பலகையிலேயே எல்லாம் 2.1.1, நேரக் கட்டுப்பாட்டை மாற்றும் வசதி 2.2.1, நிலைச் செய்திகள் 4.1.3. முதலில் சின்னதைக் கேளுங்கள். பெயரில்லாத பொத்தானுக்குப் பெயர் வைப்பது அவர்களுக்குப் பத்து நிமிட வேலை. அதைச் செய்து கொடுத்தவர்களிடம்தான் அடுத்த மாதம் அட்டவணையைக் கேட்க முடியும்.

சரிசெய்துவிட்டதாகப் பதில் வந்தால் உடனே நன்றி எழுதாமல், மூன்றாம் படியின் சோதனையை முதலிலிருந்து ஒருமுறை ஓட்டுங்கள். எனக்கு ஒருமுறை பொத்தானுக்குப் பெயர் வந்தது, பெயர் ‘பட்டன் 14’.